மூன்று பாகைச் சூடு

புதுக்காயலில் வெள்ளிக்கிழமை காலையில் எல்லோரும் பாம்பைத் தோளில் போட்டுக்கொண்டுதான் கோயிலுக்குப் போவார்கள்.

செவ்வாய்க் கோளில், என்றோ அணைந்துபோன எரிமலைக் குழாய் ஒன்றுக்குள், பாறைக் கூரையின் அடியில் அமைந்த ஊர் அது. அங்கே நாயும் பூனையும் கிடையாது. சூடான இரத்தம் ஓடும் எந்த விலங்கும், மனிதருக்கென்று அளந்து வைத்த உயிர்வளியில் பங்கு கேட்கும். அதனால் குடியேற்றச் சட்டம் அவற்றை ஊருக்குள் விடவில்லை. மண்ணுளிப் பாம்பு அப்படியில்லை. அது மூச்சு விடுகிறதா என்றே சந்தேகம் வரும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, தொட்டியில் வளர்த்த இறைச்சியில் ஒரு துண்டு போட்டால் போதும். கடிக்காது, கத்தாது. ஆகவே வீட்டுக்கு ஒரு பாம்பு என்று சட்டம் சொன்னது. அழுகிற குழந்தையின் கையில் பாம்பைக் கொடுத்தால் அழுகை நின்றுவிடும் என்று அங்கே தாய்மார்கள் சொல்வார்கள்.

கோயிலில் ஒரு வழக்கம் இருந்தது. மணி அடிப்பதற்கு முன் ஒரு வீட்டார் எல்லோரும் தோளோடு தோள் உரசி நிற்க வேண்டும். பாம்பு தன் விருப்பம்போல் ஊர்ந்து யார் தோளுக்கும் போகலாம். மணி அடிக்கும்போது அது எந்தத் தோளில் சுருண்டிருக்கிறதோ, அந்தத் தோளுக்கு அருள் தங்கிய தோள் என்று பெயர். பூசாரி முதல் திருநீற்றை அவருக்குத்தான் பூசுவார். இதை யார் தொடங்கினார்கள் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் இதை விளையாட்டாக எடுத்துக்கொண்டவர் எவரும் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை தாணு, அவர் மனைவி வடிவம்மை, அவர்கள் வீட்டு எந்திரன் கைலாசு மூவரும் வரிசையில் நின்றார்கள். பூத்தட்டைத் தூக்கிவர எந்திரன்களுக்கு அனுமதி உண்டு. அவர்களுடைய பாம்பின் பெயர் செவ்வந்தி. செங்காவி நிறம், மழுங்கிய வால், மிளகு போன்ற கண்கள். தாணுவின் தோளில் இருந்த அது மெல்லத் தலையைத் தூக்கியது. வடிவின் கழுத்தை உரசிக்கொண்டு கடந்தது. பூத்தட்டைத் தாண்டிப் போய்க் கைலாசின் உலோக மார்பில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு கண்ணயர்ந்தது.

மணி அடித்தது.

பூசாரி தயங்கினார். வழக்கம் வழக்கம்தான் என்று நினைத்திருக்க வேண்டும். எந்திரனின் நெற்றித் தகட்டில் திருநீற்றைப் பூசினார். கூட்டம் சிரித்தது. பக்கத்து வீட்டுப் பிச்சைக்கனி அண்ணாச்சிக்கு, அவருடைய பாம்பு கழுத்தில் மாலைபோல மூன்று சுற்றுச் சுற்றிக் கிடந்த தெம்பு.

"என்னவே தாணு, உம்ம வீட்ல சாமி இரும்புல எறங்கிட்டாரு போலிருக்கே!" என்றார் சத்தமாக.

"எறங்கட்டும் அண்ணாச்சி. துருப் பிடிக்காம இருக்கும்லா" என்று தாணுவும் சிரித்து வைத்தார்.

சிரித்தாரே தவிர, அந்தச் சிரிப்பு உதட்டைவிட்டு உள்ளே இறங்கவில்லை.

தாணு சாதாரண ஆள் இல்லை. ஊரின் மின்காப்பு மேற்பார்வையாளர். குகைக்குள் ஒரு கம்பியில் பொறி கிளம்பினால் அத்தனை பேரின் மூச்சும் அதோடு போய்விடும். அதனால் கம்பி இழுப்பது அங்கே பூசை செய்வதைப் போன்ற காரியம். பாம்புகளுக்கான கண்ணாடிப் பேழை எதுவும் அவர் கை வைத்துச் சரி என்று சொன்ன பிறகுதான் வீட்டுக்குள் இருக்கலாம்.

செவ்வந்தியின் பேழையை அவரே செய்தார். சூட்டுப்பாயைக் கண்ணாடித் தளத்துக்கு வெளியே, அடியில் ஒட்டினார், அதுவும் தளத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும். ஒருபுறம் சூடும் மறுபுறம் குளிர்ச்சியும் இருந்தால்தான் பாம்பு தனக்கு வேண்டிய இடத்தைத் தேடிக்கொள்ளும். பாய்க்கடியில் காற்றோடச் சிறு கால்கள் வைத்துப் பேழையை உயர்த்தினார். மண்ணுளி மணலைத் தோண்டிக்கொண்டு தளம்வரை போகும். தளம் கொதித்தாலும் சட்டென்று விலகத் தெரியாமல் வயிற்றைப் புண்ணாக்கிக்கொள்ளும். அதனால் சூட்டை அளக்கும் உணர்முனையை, அது படுக்கிற ஆழத்தில், மணலுக்குள் நகராதபடி பதித்தார். அந்த முனை சொல்வதைக் கேட்டுப் பாயை ஏற்றி அணைப்பது சூடுகாவலன் என்ற சிறு பெட்டி. தண்ணீர்க் கிண்ணத்தைக் குளிர்ந்த ஓரத்தில் வைத்தார். கம்பியை ரப்பர் வளையத்தின் வழியே வெளியே எடுத்து, மின்செருகிக்குப் போகுமுன் கீழே ஒரு வளைவு தொங்க விட்டார். கிண்ணத்து நீர் கம்பியில் வழிந்தாலும் அந்த வளைவில் சொட்டிவிடும், செருகிக்கு ஏறாது. மின்சாரம் கசிந்தால் உடனே இணைப்பை அறுக்கும் கசிவுத் துண்டிப்பான் ஒன்றையும் பேழைக்கென்று தனியாக வைத்தார்.

"பெட்டியில தெரியுத எண்ண நம்பாதீங்க. மணலுக்குள்ள கைய விட்டுப் பாருங்க" என்று போகிற வீடெல்லாம் சொல்வார்.

பேழை செய்தபோது கருவிகளை எடுத்துக் கொடுத்தது கைலாசு. அந்த வகை எந்திரன்களுக்குப் 'பழகுமனம்' என்று ஒன்று உண்டு. தொழிற்சாலையிலிருந்து வரும்போது அதற்கு வேலை மட்டுமே தெரியும். பேச்சு, மரியாதை, கோபம், பாசம் எல்லாவற்றையும் போய்ச் சேருகிற வீட்டைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ளும். கைலாசு தாணுவைப் போலவே செருமிவிட்டுப் பேசும். வடிவைப் போலவே "ஆத்தாடி" என்று வியக்கும். பிள்ளையில்லாத அந்த வீட்டில் அதன் பேச்சுக்குக் கொஞ்சம் இடம் இருந்தது.

கோயிலிலிருந்து திரும்பும் வழியில் தாணு பேசவில்லை.

"இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிடுதீங்களே" என்றாள் வடிவு. "அதுக்கு எங்க சொகமா இருக்கோ அங்க போகுது."

"நான் ஒண்ணும் சொல்லலியே."

"அதத்தான் நானும் சொல்லுதேன்."

உண்மையில் அவர் பல வாரமாகவே வெந்துகொண்டிருந்தார். மாலையில் வீடு திரும்பினால் செவ்வந்தி கைலாசின் மடியில் இருக்கும். இறைச்சி வாங்கி வருவது இவர், மணல் சலிப்பது இவர், பேழை செய்ததும் இவர். ஆனால் பாம்பு போவது அந்த இரும்பிடம். வடிவும் அந்த இரும்பைப் பார்த்தல்லவா "ஒம்மேலதான் அதுக்கு உசிரு" என்று சிரிக்கிறாள்? பாம்பின் மேல் கோபம் வரவில்லை. அதன் மேல் ஆசைதான் கூடியது. கோபமெல்லாம் கைலாசு பக்கம் திரும்பியது. அது தட்டு கழுவுகிற ஓசைகூட அவர் காதில் ஏளனமாக விழுந்தது.

ஒருநாள் கைலாசின் மார்பைத் தற்செயலாகத் தொட்டபோது அவருக்கு விளங்கிவிட்டது. மார்புத் தகட்டின் பின்னால்தான் மின்கலம் இருந்தது. தகடு இதமாகச் சுட்டது.

"இவ்வளவுதானா சங்கதி!" என்றார் தாணு.

மறுநாள், குகைக்கு வெளியே போகும்போது அணியும் வெப்ப உள்சட்டையை வீட்டிலேயே சட்டைக்குள் போட்டுக்கொண்டார். அது மட்டும் போதாது என்று தோன்றியது. பேழைக்குள் போதுமான சூடு இருக்கும்போது பாம்பு எதற்காக வெளியே வர வேண்டும்? யாரும் இல்லாத வேளையில் சூடுகாவலனின் திருகைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பிச் சூட்டைக் குறைத்தார். மூன்று பாகை. மூன்றே மூன்று. மூன்று பாகையில் எந்தப் பாம்பு செத்தது?

பலன் உடனே தெரிந்தது. செவ்வந்தி மணலைவிட்டு மேலே வந்தது. கண்ணாடி ஓரமாக அலைந்தது. தாணு கையை நீட்டியதும் தயங்காமல் ஏறி, கழுத்தைச் சுற்றி, தாடைக்கடியில் தலையை வைத்துக்கொண்டது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"வடிவு, இங்க வந்து பாரேன்! எங்கிட்ட எப்படி ஒட்டிக்கிடுதுன்னு!"

வடிவு வந்து பார்த்தாள். "ஆத்தாடி! அதுசரி, உங்களுக்கு ஏன் இப்படி வேர்த்து ஊத்துது? காய்ச்சலா?"

"சந்தோசத்துல வேர்க்குது."

அடுத்த வெள்ளிக்கிழமை முதல் திருநீறு தாணுவுக்குக் கிடைத்தது. கைலாசு பூத்தட்டோடு பக்கத்தில் நின்றது. அண்ணாச்சி வாய் திறக்கவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் அப்படியே. பொறாமை எனும் நோய்க்கு மருந்து கண்டுவிட்டதாகவே அவர் நினைத்தார். அந்த நோயை அவர் பாம்புக்கு மாற்றிவிட்டிருந்தார் என்பதை அப்போது ஒருவரும் அறியவில்லை.

ஒருநாள் காலை, தின்ற இறைச்சியைச் செவ்வந்தி அப்படியே கக்கியிருந்தது. வாய் ஓரத்தில் நுரை. மூச்சில் சிறு விசில் சத்தம். வடிவு அதைத் தூக்கியபோது நனைந்த கயிறுபோலத் தொங்கியது.

"ஏங்க! ஓடி வாங்க! இது சில்லுன்னு கெடக்கு!"

தாணு ஓடிவந்தார். சூடுகாவலனைப் பார்த்தார். அவர் வைத்ததைவிட ஒரு பாகைகூடக் குறையவில்லை. "சரியாத்தான காட்டுது..."

"எண்ணு கெடக்கட்டும். கைய உள்ள விட்டுப் பாருங்க!"

ஊருக்கெல்லாம் அதைச் சொன்னவர் தன் வீட்டில் செய்யவில்லை. செய்தால் என்ன தெரியுமோ என்ற பயம். இப்போது கையை விட்டார். மணல் குகைச் சுவரைப் போலக் குளிர்ந்திருந்தது. தோண்டிப் பார்த்தார். உணர்முனை பதித்த இடத்தில் இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு போனால், அது பேழைக்கடியில், சூட்டுப்பாயோடு சேர்த்து ஒட்டப்பட்டிருந்தது. பாய் இலேசாகச் சூடேறியதுமே 'போதும், போதும்' என்று அது பொய் சொல்லியிருக்கிறது. மணலுக்குச் சூடு ஏறும் முன்பே பாய் அணைந்துகொண்டிருந்திருக்கிறது. ஏற்கனவே குளிர்ந்திருந்த பேழையில்தான் அவர் இன்னும் மூன்று பாகையைக் குறைத்திருக்கிறார்.

"கைலாசு!" என்று குகை அதிர அலறினார். "இத மாத்தினது யாரு?"

கைலாசு வந்து நின்று செருமியது. "நான்தான்ங்கய்யா."

"அடப்பாவி! எதுக்குடா?"

"எங்கிட்ட வரணும்னுதான். அது முழிக்கிற நேரமாப் பாத்து மின்னேற்றமும் செஞ்சுக்கிடுவேன், நெஞ்சு சூடா இருக்கும்னு." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அய்யா எதுக்குத் திருகக் கொறச்சீங்க?" என்று கேட்டது. குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டது.

வடிவு கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவருடைய சட்டைக் கழுத்துக்குள் தெரிந்த வெப்ப உள்சட்டையையும் பார்த்தாள்.

"பாசம்னா அதுக்கு வேண்டியத எல்லாம் செஞ்சு காட்டணும்டா! இப்படிக் குளிர்ல போட்டா..." தாணு சட்டைக் கழுத்தை இழுத்து மூடிக்கொண்டார்.

"எனக்குத் தெரிஞ்ச பாசம் இந்த வீட்டுப் பாசந்தான்ங்கய்யா" என்றது கைலாசு. "குகைக்கு வெளிய போறப்ப அம்மா போடுத வெளியாடைக்குப் பின்கொக்கிய எப்பவும் நீங்கதான் மாட்டி விடுவீங்க. அம்மா கத்துக் குடுங்கன்னு கேட்டப்ப, உன்னால முடியாதுன்னு சொன்னீங்க. தெக்குக் குகைத் தண்ணி நெலயத்துல அம்மாவுக்கு வேல கெடச்சப்ப, நீ போனா நான் என்ன ஆவேன்னு அழுதீங்க. அம்மா போகல. ராத்திரி எங்கிட்ட, பாத்தியாடா, என்னய விட்டு அவளால போக முடியலன்னு சந்தோசமாச் சொன்னீங்க. ஒருத்தரு நம்மகிட்ட வரணும்னா, அவங்களுக்கு நாம இல்லாம முடியாதுன்னு ஆக்கணும். அதான் நான் கத்துக்கிட்டது. தப்பாங்கய்யா?"

செவ்வந்தியின் மூச்சு மறுபடி விசிலடித்தது.

வடிவுதான் முதலில் அசைந்தாள். "பேச்செல்லாம் பொறவு. மொதல்ல இதக் காப்பாத்துங்க" என்று பாம்பைத் துணியில் சுற்றி வயிற்றோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். திடீரென்று சூடு ஏற்றக் கூடாது, மெல்ல மெல்லத்தான் என்று திரையில் தோன்றிய விலங்கு மருத்துவர் சொன்னார். பிழைக்குமா என்று கேட்டதற்கு, பார்ப்போம் என்றார்.

தாணு உணர்முனையைப் பழைய ஆழத்தில் பதித்தார். கைலாசு நாடாவைப் பிடித்துக்கொண்டது. இருவர் கையும் ஒன்றாகவே வேலை செய்தன. திருகைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்து, மணலில் கை வைத்தபடி காத்திருந்தார். சூடு ஏற ஏற அவருடைய உதடு அசைந்தது. சாமி, இது எங்கிட்ட வர வேண்டாம். என் தோளு காலியாவே கெடக்கட்டும். பிழைச்சாப் போதும். அவர் வாழ்க்கையில் தனக்கென்று எதையும் கேட்காமல் செய்த முதல் வேண்டுதல் அதுவாக இருக்கலாம். அப்படிப்பட்ட வேண்டுதல்கள் எவ்வளவு தூரத்துக் கோளிலிருந்து கிளம்பினாலும் போய்ச் சேர்ந்துவிடும் என்றே தோன்றுகிறது.

செவ்வந்தி பிழைத்தது. விசில் நின்றது. ஒருநாள் இறைச்சியைத் தின்று, கக்காமல் வைத்துக்கொண்டது. பிறகு சூடான மணலுக்குள் புகுந்தது, புகுந்ததுதான். தாணு கண்ணாடியில் தட்டினாலும் வரவில்லை. கைலாசு மார்பைக் காட்டினாலும் வரவில்லை. அதற்கு யாரும் வேண்டியிருக்கவில்லை. அவ்வப்போது மணல் மட்டும் ஓரிடத்தில் இலேசாக மேடிட்டு அசையும். அதைப் பார்த்துக்கொண்டு இருவரும் அருகருகே உட்கார்ந்திருப்பார்கள்.

"உள்ளதான் இருக்குங்கய்யா" என்னும் கைலாசு.

"இருக்கட்டும்டா" என்பார் தாணு.

அந்த வாரத்திலேயே வடிவிடம், "தெக்குக் குகைக்கு இன்னொரு தடவ எழுதிப் போடேன். அந்தக் கொக்கி மாட்டவும் சொல்லித் தாரேன்" என்றார்.

வடிவு வெளியாடையை எடுத்து அணிந்தாள். முதுகுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய் ஒரே சொடுக்கில் கொக்கியை மாட்டிக்கொண்டாள்.

தாணு வாயைப் பிளந்தார். "எப்பத்துலேர்ந்து தெரியும்?"

"கல்யாணமான மொத வாரத்துலேர்ந்து. உங்க மூஞ்சி வாடிருமேன்னு சொல்லல."

அவள் தெற்குக் குகைக்கு வேலைக்குப் போனாள். வாரக் கடைசியில் யாரும் கூப்பிடாமலே திரும்பி வந்தாள்.

தாணு வழக்கமான சோதனைக்குக் கிளம்பினார். முதல் வீட்டில் பெட்டியின் எண் சரியாக இருந்தது. இந்த முறை மணலுக்குள் கையை விட்டார். சில்லென்று இருந்தது. உணர்முனையைக் கம்பளித் துணியில் சுற்றிப் பாயோடு சேர்த்துச் செருகியிருந்தது.

"இது எப்படி வந்தது?" என்று கேட்டார்.

"தெரியலியே சார்" என்றாள் அந்த வீட்டுப் பெண், கழுத்தில் பாம்போடு. "எங்க பாம்பு எங்கள விட்டு ஒரு நிமிசம் பிரியாது. அவ்வளவு பாசம்."

அடுத்த வீட்டில் முனை மணலுக்கு வெளியே, விளக்கின் சூட்டுக்கு நேராகத் திரும்பியிருந்தது. அதற்கடுத்த வீட்டில் பாய்க்கே இணைப்பு இல்லை, முனையை வெந்நீர்க் குழாயில் ஒட்டியிருந்தார்கள். தெருத்தெருவாகப் போனார். எங்கும் எண் சரியாக இருந்தது, எங்கும் மணல் குளிர்ந்திருந்தது, எங்கும் பாம்புகள் மனிதரை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தன. ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே ஊர் முழுவதும் ஒரே கைவேலையைச் செய்து வைத்திருந்தது. தாணு யாரையும் கடிந்துகொள்ளவில்லை. யாரைப் பற்றியும் மேலிடத்தில் சொல்லவும் இல்லை. முனையை எடுத்து, துடைத்து, உரிய ஆழத்தில் பதித்து, இறுக ஒட்டிவிட்டு வந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை எந்தப் பாம்பும் சூடான மணலைவிட்டு வரவில்லை; கோயிலில் ஒருவர் தோளிலும் பாம்பில்லை. மணி அடித்தது. பூசாரி திருநீற்றுத் தட்டோடு இங்கும் அங்கும் பார்த்துவிட்டு, வேறு வழியின்றி எல்லோருக்கும் ஒரே மாதிரி பூசினார். யாருக்கும் அது பிடிக்கவில்லை. விளக்கு அணைவதற்குள் பேச்சு கிளம்பிவிட்டது. தாணுவுக்குப் பொறாமை. தன் பாம்பு தன்னிடம் வரவில்லை என்று ஊர்ப் பாம்புகளையெல்லாம் கெடுத்துவிட்டார்.

அன்று மாலையே பிச்சைக்கனி அண்ணாச்சி வாசலில் வந்து நின்றார். மனைவி போன பிறகு தனியாக இருப்பவர். எந்திரனும் வைத்துக்கொள்ளவில்லை. வீட்டில் அவரும் பாம்பும்தான்.

"உமக்குப் பொறாம வே" என்றார்.

மறுக்கத்தான் தாணு வாயெடுத்தார். ஆனால் நெடுநாள் உண்மையாக இருந்த ஒன்றை எப்படி மறுப்பது? "ஆமா அண்ணாச்சி" என்றார்.

அந்தப் பதிலை அண்ணாச்சி எதிர்பார்க்கவில்லை. சண்டைக்குக் கொண்டுவந்த சொற்கள் கையில் அப்படியே நின்றுவிட்டன. உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு கிட்டத்தில் வந்தார்.

"சரி, விடும். ஒரு ஒவகாரம் செய்யும். ரெண்டே ரெண்டு டிகிரி கொறச்சுக் குடும். மூணு வேண்டாம், ரெண்டு. வாரத்துல ஒரு நாளாவது எங்கிட்ட வரட்டும். நான் யாருகிட்டவும் சொல்ல மாட்டேன்."

தாணுவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் கேட்டார். அந்தக் கை சில்லென்று இருந்தது.

தாணு கையை விடுவித்துக்கொள்ளவில்லை. "உள்ள வந்து உக்காருங்க அண்ணாச்சி. காப்பி போடுதேன். வடிவு ஊர்ல இல்ல, சுமாராத்தான் இருக்கும்" என்றார்.

காப்பி சுமாராகவும் இல்லை. ஆனால் சூடாக இருந்தது. அண்ணாச்சி இரண்டு கைகளாலும் குவளையைப் பொத்திக்கொண்டு, மெதுவாகக் குடித்தார். முதலில் தாணுவைத் திட்டினார். அப்புறம் தண்ணீர்ப் பங்கீட்டுக்காரர்களைத் திட்டினார். அப்புறம் திட்டுவதற்கு ஆள் இல்லாமல், தன் மனைவி காப்பியில் சுக்குத் தட்டிப் போடுவாள் என்று சொல்ல ஆரம்பித்தார். டிகிரி பேச்சு வரவே இல்லை. மறுநாள் கூப்பிடாமலே வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார்.

ஒருநாள் அவர் சிரித்துக்கொண்டே விடைபெற்றுப் போன பிறகு, குவளையை எடுக்க வந்த கைலாசு அவர் போன திசையைக் கவலையோடு பார்த்தது.

"அய்யா," என்று செருமியது. "அண்ணாச்சி தெனமும் கூப்பிடாமலே இங்க வாராரே, அவரு வீட்டுச் சூடுகாவலன யாரு திருகி வச்சிருக்கா?"